பலகையில் எழுதாத பெயர்

மூன்று வருடத்துக்கு முன்னால் எங்கள் கரிசல் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து கூப்பிட்டார்கள். வளாகத்தில் நிற்கிற மரம் செடிகளுக்கெல்லாம் பெயர்ப்பலகை வைக்கப் போகிறோம், வந்து பார்த்துத் தமிழ்ப் பெயரும் தாவரவியல் பெயரும் எழுதிக்கொடுக்க முடியுமா என்று தலைமையாசிரியை கேட்டார். இப்படி ஒரு வேலை என்றால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். ஒரு சனிக்கிழமை காலையில் போனேன். வேம்பில் தொடங்கி, புங்கை, பூவரசு, மஞ்சணத்தி, வாதநாராயணன் என்று பத்தொன்பது பெயர் எழுதினேன். பின்பக்கச் சுற்றுச்சுவர் ஓரமாக, கழிவறைக்குப் போகிற வழியில், ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு முட்செடி நின்றது. தை மாதம். செடி முழுக்க மஞ்சள் பூ. கிட்டே போவதற்கு முன்பே வாசனை வந்துவிட்டது. யோசிக்காமல் இருபதாவது பெயராகப் ‘பீவேலம்’ என்று எழுதி, கீழே ‘வாச்செல்லியா ஃபார்னேசியானா’ என்று போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் தலைமையாசிரியை ஃபோன் பண்ணினார். “மத்ததெல்லாம் எழுதக் கொடுத்தாச்சு மேடம். அந்த ஒண்ணை மட்டும் எப்படிப் பலகையில எழுதுறது? அதுவும் பாத்ரூம் போற வழியில நிக்குது. பிள்ளைங்க சும்மா விடுமா? இடக்கரடக்கல்னு நாமளே பாடம் நடத்துறோம்ல” என்றார். அவர் குரலில் கோபமும் இல்லை, இளக்காரமும் இல்லை. அந்தப் பெயரை எடுத்து ஏதாவது ஒரு பிள்ளைக்குப் பட்டப்பெயராக ஒட்டிவிடுவார்களே என்ற கவலைதான் இருந்தது. எனக்கும் அது நியாயமாகப் பட்டது. “அப்போ கஸ்தூரிவேல்னு போட்டுருங்க டீச்சர், அதுவும் அதோட பேருதான்” என்றேன். அரை நிமிஷத்தில் முடிந்துவிட்ட பேச்சு. இரண்டுமே உண்மையான பெயர்கள்தான், நான் பொய் எதுவும் சொல்லவில்லை. ஆனால் ஃபோனை வைத்ததிலிருந்து மனசுக்குள் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரே செடிக்கு எப்படிக் கஸ்தூரி என்றும் பேர் வந்தது, பீ என்றும் பேர் வந்தது? அதில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடு என்று சொன்னபோது நான் எதை எடுக்கச் சொன்னேன்?

முள்ளைப் பார்த்து அடையாளம்

முட்செடி என்றாலே இப்போது எல்லோருக்கும் சீமைக் கருவேலம்தான். 2017இல் அதை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவு போட்ட சமயத்தில், எங்கள் ஊர்க் கண்மாயில் இறங்கிய இயந்திரம் சீமைக் கருவேலத்தோடு நாட்டுக் கருவேலத்தையும், வெள்வேலத்தையும், ஓடைக்கரையில் நின்ற இரண்டு பீவேலத்தையும் சேர்த்தே வாரிக்கொண்டு போனது. ஓட்டுநரைக் குற்றம் சொல்ல முடியாது. அவருக்கு யாரும் வித்தியாசத்தைச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனால் வித்தியாசம் கண்ணுக்கு எட்டாத ஒன்றில்லை. சீமைக் கருவேலத்தின் பூ உருண்டையாக இருக்காது, விரல் நீளத்துக்குப் பூனைவால் மாதிரி தொங்கும். உருண்டையான மஞ்சள் பூ என்றால் அது கருவேலமாக இருக்கலாம், பீவேலமாக இருக்கலாம். இந்த இரண்டைப் பிரிப்பதில்தான் கொஞ்சம் பழக்கம் வேண்டும்.

காய் இருந்தால் வேலை சுலபம். கருவேலங்காய் ஒவ்வொரு விதைக்கும் நடுவே நெரிந்து, மணி கோத்த மாலை மாதிரி இருக்கும். நாங்கள் சின்ன வயதில் காலில் கட்டிக் கொலுசு என்று ஆடுவோம். பீவேலங்காய் அப்படி நெரியாது. சுண்டுவிரலைவிடத் தடிமனாக, உருண்டு திரண்டு, சுருட்டு மாதிரி இருக்கும். பழுத்தால் கருப்பாகிவிடும், ஆனால் தானாக வெடிக்காது. உடைத்துப் பார்த்தால் உள்ளே பஞ்சு போன்ற சோற்றில் விதைகள் இரண்டு வரிசையாகப் பதிந்திருக்கும். காய் இல்லாத காலத்தில் பூக்காம்பைப் பார்க்க வேண்டும். கருவேலம்பூவின் காம்பில் பாதி வழியிலோ அதற்குக் கீழேயோ சின்ன வளையம் போல ஒரு செதில் சுற்றியிருக்கும். பீவேலத்தில் அந்த வளையம் காம்பின் உச்சியில், பூப்பந்துக்கு அடியில் ஒளிந்திருக்கும். பூவைத் திருப்பிப் பிடித்தால்தான் தெரியும். இதைக் கண்டுபிடித்த நாளில் நான் வீட்டுக்குத் திரும்பி வரும் வழியெல்லாம் ஒவ்வொரு செடியாக நின்று பூவைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

செடி அடியிலிருந்தே பல கிளையாகப் பிரியும். ஆள் உயரத்திலிருந்து இரண்டு ஆள் உயரம் வரைக்கும் போகும். சின்னக் கொம்பு நேராக ஓடாது, ஒவ்வொரு கணுவிலும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று மடங்கி மடங்கிப் போகும். பட்டையில் வெள்ளைப் புள்ளி தெளித்த மாதிரி இருக்கும். கணுவுக்கு இரண்டு முள், ஊசி மாதிரி நேராக, சாம்பல் வெள்ளையில் நிற்கும். இந்த முட்கள் இலைக்காம்பின் இரு பக்கமும் வர வேண்டிய இலையடிச் செதில்கள் மாறி வந்தவை. ரோஜா முள்ளைப் போலத் தோலிலிருந்து உரிந்து வருகிறவை அல்ல. இலை கருவேல இலை மாதிரி இரண்டு தரம் பிரிந்த கூட்டிலைதான், பொழுது சாய்ந்தால் மூடிக்கொள்ளும். பூ மொட்டாக இருக்கும்போது பச்சையாக, பாசிமணி அளவுக்கு, மேலெல்லாம் சொரசொரப்பாக இருக்கும். அந்தச் சொரசொரப்பில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு தனிப்பூ. அவை விரியும்போது மகரந்தக் காம்புகள் நூல் நூலாக வெளியே வந்து நிற்கும். நாம் பூ என்று பார்க்கிற மஞ்சள் முழுவதும் அந்த நூல்கள்தான், இதழ் கண்ணுக்கே தெரியாது. எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகள் இரண்டு பூவைக் காம்போடு கிள்ளிக் காதுத் துளையில் செருகிக் கம்மல் என்பார்கள். நானும் செருகியிருக்கிறேன். வகுப்பு முழுக்க மணக்கும்.

அந்த வாசனையை எதற்கு ஒப்பிடுவது? மகிழம்பூ காய்ந்த பிறகு வருகிற இனிப்பு கொஞ்சம் இருக்கிறது. முகத்துக்குப் போடுகிற பவுடர் மாதிரி ஒரு மென்மை இருக்கிறது. மூக்கோடு ஒட்டிப் பிடித்தால் இரண்டுக்கும் அடியில் வேறு ஒன்று, பதப்படுத்திய தோல் மாதிரி, வெதுவெதுப்பான உடம்பு மாதிரி ஒன்று தட்டும். கஸ்தூரி என்று பெயர் வைத்தவர் அதைத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

போன இடமெல்லாம் ஒரு பேர்

இந்தச் செடி நம் மண்ணில் பிறந்ததில்லை. சொந்த ஊர் அமெரிக்கக் கண்டம். டெக்சாஸின் தெற்கிலிருந்து மெக்சிகோ, கரீபியன் தீவுகள், தென் அமெரிக்கா வரைக்கும் இயல்பாக வளர்கிறது. மெக்சிகோவில் இதை ‘உய்சாச்சே’ என்கிறார்கள். முன்பு அங்கே ஆண்ட அஸ்டெக்குகளின் நாவாட்டில் மொழிச் சொல், முள் நிறைந்தது என்று பொருள். மெக்சிகோ நகரத்துக்குள்ளேயே ஒரு குன்றுக்கு அஸ்டெக்குகள் இந்தச் செடியை வைத்துத்தான் பெயர் சொன்னார்கள். 52 வருடத்துக்கு ஒருமுறை ஊர் உலகத்தில் எல்லா அடுப்பையும் அணைத்துவிட்டு, அந்தக் குன்றின் மேல் புது நெருப்பு மூட்டி, அதிலிருந்து வீடு வீடாகத் தீ எடுத்துப் போவார்கள். கடைசியாக அப்படி மூட்டியது 1507இல். அடுத்த 52 வருடம் முடிவதற்குள் ஸ்பானியர் வந்துவிட்டார்கள்.

1611இல் கரீபியனின் சாந்தோ தொமிங்கோவிலிருந்து விதை ரோமாபுரிக்குப் போனது. அங்கே பாலத்தீன் குன்றில் ஃபார்னேசே என்ற பெரிய குடும்பத்தின் தோட்டத்தில் முளைத்தது. 1625இல் அந்தத் தோட்டத்துச் செடிகளைப் பற்றி எழுதியபோது இதற்கு முதல்முதலாக விரிவான விவரணையும் படமும் கிடைத்தன. செடிகளுக்கு இரட்டைச் சொல்லில் பேர் வைக்கும் முறையை வகுத்த லின்னேயஸ் 1753இல் ‘மிமோசா ஃபார்னேசியானா’ என்று எழுதினார். இன்றைக்கும் அந்தக் குடும்பப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிறகு தெற்கு பிரான்சில் கிராஸ், கான் பக்கத்து விவசாயிகள் தோட்டம் தோட்டமாக நட்டார்கள். செப்டம்பரிலிருந்து நவம்பர் வரைக்கும் பெண்கள் முள்ளுக்குள் கைவிட்டு ஒவ்வொரு பூவாகக் கிள்ளுவார்கள். பூவைக் கொழுப்பில் போட்டு வைத்து, வாசனை கொழுப்பில் இறங்கிய பிறகு பிரித்தெடுப்பார்கள். அத்தர் தொழிலில் அதற்குக் ‘கஸ்ஸி’ (cassie) என்று பேர், எகிப்திலும் எடுக்கிறார்கள்.

இந்தப் பேர்களைச் சேர்த்துக்கொண்டே போனபோது ஒன்று பிடிபட்டது. ஒவ்வொரு ஊரும் இந்தச் செடியிடமிருந்து தனக்கு என்ன கிடைத்ததோ அதைப் பேராக வைத்திருக்கிறது. முள் குத்திய மெக்சிகோவில் முள். பிலிப்பைன்சில் ‘அரோமா’, ஸ்பானிய மொழியில் நறுமணம். ஃபிஜித் தீவில் மேய்ச்சல் நிலத்தையெல்லாம் வளைத்துக்கொண்டதால் ‘எல்லிங்டன் சாபம்’. ஆஸ்திரேலியாவின் உள்நாட்டில் ஐரோப்பியர் குடியேறுவதற்கு முன்பே வந்து சேர்ந்துவிட்ட செடி இது. அங்கே ‘ஊசிப் புதர்’. இந்தியில் இதை ‘விலாயதி கீகர்’ என்பார்கள், வெளிநாட்டு வேலம். நாமும் வெளியிலிருந்து வந்த செடிக்குச் ‘சீமை’ போடுகிறவர்கள்தான். சீமை அகத்தி, சீமைக் கருவேலம் எல்லாம் அப்படி வந்தவை. ஆனால் இந்தச் செடிக்கு எங்கள் பக்கம் யாரும் சீமை போட்டு நான் கேட்டதில்லை. எங்கிருந்து வந்தாய் என்று கேட்காமல் மோந்து பார்த்துப் பேர் வைத்திருக்கிறார்கள். தெலுங்கிலும் இதே கதைதான்: ‘கஸ்தூரி தும்ம’ என்றும் உண்டு, ‘முரிகி தும்ம’ என்றும் உண்டு. முரிகி என்றால் அழுக்கு. இந்தியில் விலாயதி என்ற பேரோடு ‘குஹ் பாபூல்’ என்றும் இருக்கிறது, குஹ் என்றால் நாம் சொல்லும் அதே பீ. இத்தனை மொழிக்காரர்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டா இப்படி வைத்தார்கள்?

நான் எழுதிக்கொடுத்த தாவரவியல் பேரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதில் பாதி நம் சென்னை ராஜதானியின் கதை. 1819இல் மதராசுக்கு உதவி மருத்துவராக வந்த ராபர்ட் வைட், தென்னிந்தியச் செடிகளைத் தேடித் தேடிச் சேர்த்தவர். ரங்கையா, கோவிந்து என்ற நம் ஊர் ஓவியர்களை வைத்து அவர் வரைய வைத்த செடிப் படங்களை இன்றைக்குப் பார்த்தாலும் கண் எடுக்க முடியாது. ஸ்காட்லாந்தில் இருந்த ஆர்னாட் என்ற தாவரவியலாளரோடு சேர்ந்து, 1834இல் தென்னிந்தியத் தாவரங்களைத் தொகுத்தபோது, இந்தச் செடியைத் தனிப் பேரினமாக, அதாவது தனிக் குடும்பக் கிளையாகப் பிரித்து ‘வாச்செல்லியா’ என்று வைத்தார். சீனக் கரையோரத்து மக்காவ் துறைமுகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பாதிரியாராக இருந்துகொண்டு சீனச் செடிகளைச் சேகரித்த வாச்செல் என்பவரின் நினைவாக வைத்த பேர். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்லோரும் ‘அகேசியா’ என்றே எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரு பேரினத்தின் பேர் எந்தச் செடியோடு கட்டப்பட்டிருக்கிறதோ அதுதான் அதன் மாதிரிச் செடி. ‘அகேசியா’ என்ற பேரினத்துக்கு மாதிரிச் செடியாக இருந்ததோ நம் கருவேலம். 2005இல் வியன்னாவில் கூடிய தாவரவியல் மாநாட்டில், ஆஸ்திரேலியாவில்தான் இனங்கள் ஆயிரத்துக்குப் பக்கம் இருக்கின்றன என்று அந்தப் பேரை அவர்களுக்கே கொடுத்துவிட்டார்கள். தங்கள் ஊர் வேலமரங்கள் அந்தப் பேரை இழக்கின்றன என்று ஆப்பிரிக்கக்காரர்கள் விடாமல் எதிர்த்தார்கள். 2011இல் மெல்பர்ன் மாநாட்டிலும் அந்த முடிவே நின்றது. அப்புறம் மற்றவற்றுக்கு என்ன பேர் என்று தேடியபோது, 1834இல் வைட் எழுதிவைத்த ‘வாச்செல்லியா’ வெளியே வந்தது. இன்றைக்கு நம் நாட்டுக் கருவேலமும் ‘வாச்செல்லியா நிலோட்டிகா’. ஓடைக்கரைப் பீவேலம் ‘வாச்செல்லியா’வுக்கு மாதிரிச் செடி, கருவேலம் அதன் வீட்டுப் பேரைச் சுமக்கிறது.

எனக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும். ஆனால் பள்ளிக்கூடப் பலகையில் மூன்று சொல் எழுதியதாக நினைத்தால், அதில் இரண்டு ஒரு பாதிரியாரின் பேர், ஒரு பிரபுக் குடும்பத்தின் பேர். அவை செடியைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. செடியைப் பற்றிச் சொல்வது மூன்றாவது சொல் மட்டும்தான். அதைத்தான் நான் அரை நிமிஷத்தில் மாற்றினேன்.

கண்மாய்க் கரையில்

உண்மையைச் சொன்னால், அதுவரைக்கும் பீவேலம் என்பது ஏன் அப்படி ஆயிற்று என்று நான் கேட்டதே இல்லை. நாற்றம் எதுவும் எனக்குத் தெரிந்ததில்லை. பூவைப் பறித்திருக்கிறேன், இலையைக் கசக்கியிருக்கிறேன், காயை உடைத்திருக்கிறேன். மக்கள் ஏதோ அசிங்கமாகச் சொல்லிப் பழகிவிட்டார்கள், பெருமரத்தைப் பீநாறி என்கிற மாதிரி இதையும் சொல்கிறார்கள் என்று உள்ளுக்குள் நினைத்திருந்தேன் போலிருக்கிறது. அதனால்தான் அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்க முடிந்தது.

அடுத்த வருடம் மாசி மாதம், அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போயிருந்தேன். நூறு நாள் வேலையில் கண்மாய்க் கரையைச் சுத்தம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். புதரை வெட்டி ஒரு பக்கம் குவித்து, தூரைத் தோண்டி இன்னொரு பக்கம் போட்டிருந்தார்கள். வெட்டிய கொம்பில் தொங்கிய நெற்றுக்காக வெள்ளாடுகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. ஆட்டுக்காரத் தாத்தா, எங்கள் தெருவின் கடைசி வீட்டுக்காரர், தொரட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருந்தார். நான் வெட்டிய கொம்பு ஒன்றை எடுத்து மிச்சமிருந்த பூவை மோந்துகொண்டிருந்தேன். “என்ன தாயி, பூவா?” என்றார். ஆமாம் தாத்தா என்றேன். பள்ளிக்கூடத்துப் பலகைக் கதையைச் சொன்னேன். சொல்லி முடித்ததும் அவர் எதுவும் பேசவில்லை. எழுந்து தூர்க் குவியலுக்குப் போய், விரல் தடிமனில் ஈரமாக இருந்த ஒரு வேரை முறித்தெடுத்தார். மடியிலிருந்த கத்தியால் பட்டையை ஒரு சாண் நீளத்துக்குச் சீவினார். வெளியே கரும்பழுப்பாக இருந்தது, உள்ளே வெளுப்பாக, ஈரம் மினுங்கியது. “இப்ப மோந்து பாரு” என்று நீட்டினார்.

முதல் மூச்சில் மண் வாசனைதான் வந்தது. இரண்டாவது மூச்சில் கையைத் தட்டிவிட்டேன். சாக்கடை வாடை என்றோ அழுகல் வாடை என்றோ சொன்னால் சரியாக இருக்காது. விடிகாலையில் ஓடைப்பக்கம் ஆட்கள் ஒதுங்குகிற இடத்தைத் தாண்டிப் போகும்போது வருமே, அதே வாடை, சந்தேகமே இல்லாமல். தூர் தோண்டிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். ஒரு மதினி, “நாங்க காலையில இருந்து இதைத்தான் மோந்துக்கிட்டு இருக்கோம்” என்றார். தாத்தா சிரிக்கவில்லை. “பூவ மோந்தவுக கஸ்தூரிம்பாக. இதைத் தோண்டிட்டுக் கைகழுவத் தண்ணி இல்லாம கஞ்சி குடிக்க உக்காருறவன் என்ன தாயி சொல்லுவான்?” என்றார். கேட்டுவிட்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். நான் வீட்டுக்கு வந்து சோப்பு போட்டுக் கழுவினேன், புளி போட்டுத் தேய்த்தேன். மறுநாள் காலையில் பல் விளக்கும்போது நகக்கண்ணில் இன்னும் இருந்தது.

எனக்கு அந்த நாளோடு விஷயம் திரும்பிவிட்டது. அதுவரைக்கும் இரண்டு பேரில் ஒன்று நாகரிகமானது, ஒன்று நாகரிகம் இல்லாதது என்று வைத்திருந்தேன். இரண்டும் செடியின் இரண்டு நுனியைத் தொட்டவர்கள் வைத்த பேர்கள். ஒருவர் பூவின் பக்கம் நின்றவர். மற்றவர் வேலி போட முள் வெட்டினவர், தூர் தோண்டினவர், கிணற்றுமேட்டில் இதை வேரோடு பிடுங்கினவர். கிராசில் பூக் கிள்ளிய பெண்களுக்குக்கூட வேரின் நாற்றம் தெரிந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான். தோட்டம் போட்டு வளர்க்கிறவர்கள் வேரைத் தோண்டுவதில்லை. நம் ஊரில் தோண்டினார்கள். தோண்டின அனுபவத்தை ஒரே எழுத்தில் சுருக்கிப் பேரோடு சேர்த்து வைத்தார்கள். பேரைக் கேட்டவுடன் இதன் பட்டையைப் பல்லால் கடிக்காதே, இதன் தூரைத் தோண்டுகிற அன்றைக்குக் கூடத் தண்ணீர் எடுத்துக்கொண்டு போ என்று தெரிந்துவிடும்.

இடக்கரடக்கல் பற்றியும் அப்புறம்தான் யோசித்தேன். பாடத்தில் வருகிற உதாரணம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும்: கால் கழுவி வந்தேன். சொல்லக் கூசுகிற சொல்லை மறைத்தாலும், கேட்கிறவருக்கு விஷயம் போய்ச் சேர்ந்துவிடும். கஸ்தூரிவேல் என்று எழுதினால் அப்படி எதுவும் போய்ச் சேராது. அது பூவைப் பற்றிய செய்தி. வேரைப் பற்றிய செய்தி எந்த உருவத்திலும் பலகைக்கு வரவில்லை. மறைத்துச் சொல்வது வேறு, சொல்லாமல் விடுவது வேறு. நான் செய்தது இரண்டாவது.

இன்னொன்றும் இருக்கிறது. மணம் என்றும் நாற்றம் என்றும் நாம் கோடு போடுகிற இடம் அவ்வளவு உறுதியானதில்லை. நாற்றம் என்ற சொல்லே ஒரு காலத்தில் நல்ல வாசனையைக் குறித்ததுதானே. கோயிலில் சுவாமிக்குச் சாத்துகிற புனுகு, பூனையின் வால் அடியில் இருக்கும் பையிலிருந்து வருகிறது. அப்படியே மோந்தால் குமட்டும், துளியாகக் கரைத்தால்தான் மணக்கும். புனுகில் ‘ஸ்கட்டோல்’ என்று ஒரு பொருள் இருக்கிறது. மலத்துக்கு வாடை தருவதும் அதுதான், கிரேக்கத்தில் மலத்துக்கான சொல்லிலிருந்து வந்த பேர். அதற்கு உறவான ‘இண்டோல்’ மல்லிகைப் பூவில் இருக்கிறது. பீவேலத்தின் பூவில் இருக்கும் வாசனைப் பொருள்களில் ஒன்றுக்கு ‘ஃபார்னெசால்’ என்று பேர், இந்தச் செடியின் பேரிலிருந்து எடுத்து வைத்தது. அதன் பாஸ்பேட் வடிவத்தை நம் உடம்பின் செல்களே தயாரிக்கின்றன. அப்படிப்பட்ட மூலக்கூறு இரண்டைச் சேர்த்துத்தான் கொலஸ்டிராலுக்கு அடித்தளம் போடுகின்றன. ஓடைக்கரையில் நிற்கிற செடியின் பேர் நம் ஒவ்வொரு செல்லின் வேதியியலிலும் இருக்கிறது என்று படித்த அன்றைக்கு, நகக்கண்ணை ஒருமுறை எடுத்து மோந்து பார்த்தேன்.

மறுபடியும் அந்தப் பள்ளிக்கூடம்

போன தை மாதம் தலைமையாசிரியையிடம் நானே கேட்டு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகளோடு ஒரு மணி நேரம் வாங்கிக்கொண்டேன். பலகையில் மாற்றம் எதுவும் கேட்கவில்லை, பிள்ளைகளுக்குச் செடியைக் காட்ட வேண்டும் என்று மட்டும் சொன்னேன். சுவரோரச் செடி இப்போது சுவரைத் தாண்டி வளர்ந்திருந்தது. பச்சைத் தகரத்தில் வெள்ளை எழுத்தில் ‘கஸ்தூரிவேல்’ என்று இருந்தது. முதலில் பூவைக் கொடுத்தேன். வாங்கி மோந்தார்கள், இரண்டு பேர் காதில் செருகிக்கொண்டார்கள். யாரும் சொல்லிக்கொடுக்காமலே அது நடந்தது, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பூவைத் திருப்பிக் காம்பின் வளையத்தைத் தேடச் சொன்னேன். முள்ளை எண்ணச் சொன்னேன். அப்புறம் முன்கூட்டியே தோண்டி, ஈரச் சாக்கில் சுற்றி வைத்திருந்த வேர்த்துண்டை எடுத்துப் பட்டையைச் சீவிச் சுற்றுக்கு விட்டேன்.

கூச்சல் என்றால் அப்படி ஒரு கூச்சல். ஒருவன் ஓடியே போய்விட்டான். கத்தி அடங்கினதும், “இதுக்கு இன்னொரு பேரும் உண்டு, யாருக்காவது தெரியுமா?” என்று கேட்டேன். எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பின்வரிசையில் இரட்டைச் சடை போட்ட ஒரு பெண் கையை முக்கால்வாசி தூக்கி மறுபடியும் இறக்கிக்கொண்டாள். அவளைக் கூப்பிட்டேன். வந்தாள். சத்தமாகச் சொல்லவில்லை, என் காதுக்குப் பக்கத்தில் வந்து சொன்னாள். பீவேலம். ஏன் கையை இறக்கினாய் என்று கேட்டேன்.

“எங்க அம்மாச்சி அப்படித்தான் சொல்லும் மிஸ். இங்க போர்டுல வேற மாதிரி போட்டிருந்துச்சு. அம்மாச்சிக்குப் படிக்கத் தெரியாது. அதான் தப்பாச் சொல்லுதுன்னு நெனச்சேன்” என்றாள். அம்மாச்சி என்ன வேலை பார்க்கிறது என்று கேட்டேன். “வேலிக்கு முள்ளு வெட்டப் போகும்” என்றாள்.

தலைமையாசிரியை எனக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். அவரும் கேட்டார். ரொம்ப நேரம் அந்தத் தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் மணி அடித்தது, பிள்ளைகள் குழாயடிக்கு ஓடினார்கள். அந்தப் பெண் மட்டும் போகவில்லை. வேர்த்துண்டைக் கேட்டாள். எதற்கு என்றேன். அம்மாச்சியிடம் காட்ட வேண்டும் என்றாள். ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்து, காம்பஸையும் பென்சிலையும் ஒதுக்கி இடம் பண்ணி, வேரை உள்ளே வைத்தாள். பூ இரண்டையும் அதோடு சேர்த்து வைத்து மூடினாள்.